ஆப்ப சோடா நீர்மூழ்கி: நாலு ஞாயிற்றுக்கிழமைக் கதை

மழை விடவே இல்லை, பம்பாய் செம்பூரில் எங்கள் பில்டிங் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒரு விஷயத்தை இப்போதாவது செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பவுடர் போட்டுத் தண்ணீரில் விட்டால் தானே மூழ்கி, தானே மேலே வந்து, மறுபடி மூழ்கும் அந்தக் குட்டி பிளாஸ்டிக் நீர்மூழ்கிக் கப்பல்.

என் வயதுக்காரர்களுக்கு இனாம் பொம்மை என்றாலே ஒரு கிறுக்கு உண்டு. பிக் ஃபன் பபிள்கம்மில் ரன்னும் விக்கெட்டும் அச்சடித்த சீட்டு, தம்ஸ் அப் ஃபிளிக் புக், அப்புறம் சீட்டோஸ் சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாசோ என்ற வட்டச் சில்லு. பினாகா பற்பசையோடு வந்த குட்டி மிருகங்கள் எங்களுக்கு முந்திய தலைமுறை. அம்மாவிடம் அதில் ஒரு ஒட்டகம் இன்னும் பூஜை அலமாரி டிராயரில் இருக்கிறது, ஏன் அங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. கெலாக்ஸ் 1994-ல் நம் ஊருக்கு வந்தது. ஆலை தலோஜாவில், எங்களுக்குப் பக்கம்தான், ஆனாலும் கார்ன்ஃப்ளேக்ஸ் எங்கள் சமையலறைக்குள் வர ரொம்ப நாளாயிற்று. வந்த முதல் நாளே அப்பா காபிக்குக் காய்ச்சிய பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டு, "இதுக்கு அவலே தேவலை" என்று எழுந்து போனார். மீதிப் பெட்டியை நானும் அக்காவும் உள்ளே இருக்கும் பொம்மைக்காக மட்டுமே தின்று தீர்த்தோம்.

நீர்மூழ்கி மட்டும் இங்கே கிடைத்ததல்ல. சித்தப்பா மஸ்கட்டிலிருந்து வரும்போது கொண்டு வந்தது, விரல் நீளம், சாம்பல் நிறம். பக்கெட்டில் நாலைந்து தடவை ஏறி இறங்கியது. தண்ணீரை மோரியில் கொட்டும்போது பொம்மையையும் சேர்த்துக் கொட்டியது அக்கா. இல்லை நான்தான் என்று அவள் இன்றைக்கும் சாதிக்கிறாள்.

பெரியவனான பிறகுதான் அதன் பூர்வீகம் தெரிந்தது. 1950-களில் கெலாக்ஸ் அமெரிக்காவில் கொடுத்த இனாம் அது. அந்தக் கம்பெனிக்கு இந்த வழக்கம் 1909-லேயே உண்டு, ரெண்டு பாக்கெட் வாங்கினால் கடையிலேயே ஒரு படப் புத்தகம். இனாம் பொம்மை என்று இளக்காரமாக நினைக்கவும் கூடாது: கேப்டன் கிரஞ்ச் என்ற இன்னொரு காலை உணவுப் பெட்டியில் வந்த விசில் 2600 ஹெர்ட்ஸில் ஊதும், அமெரிக்காவின் தொலைதூர ஃபோன் லைன்களை ஆட்டி வைத்ததும் அதே சுருதிதான். அதை ஊதிக் காசில்லாமல் ஃபோன் பேசினார்கள். ஜான் டிரேப்பர் என்பவருக்கு கேப்டன் கிரஞ்ச் என்றே பட்டப்பெயர் வந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். பவுடர் என்றால் ஆப்ப சோடாதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அம்மாவின் டப்பாவில் இருந்ததைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தேன். கரைந்தது, அவ்வளவுதான், ஒரு குமிழி கூட இல்லை. "ஏண்டா, நாளைக்கு ஆப்பத்துக்கு அரைச்சு வச்சிருக்கேன், அதையும் தீர்த்துட்டியா?" என்று அம்மா வந்து நின்ற பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஆப்ப சோடா பொங்க வேண்டுமானால் புளிப்பு வேண்டும், மாவில் அது இருக்கிறது, பச்சைத் தண்ணீரில் ஏது? பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பு உப்பையும் சேர்த்தே கலந்து வைத்திருக்கிறார்கள், ஈரம் பட்டால் வாயு வரும். கலந்ததில் ஒரு பகுதி சூடு பட்டால்தான் முழுதாக வேலை செய்யும், அதனால் பச்சைத் தண்ணீரில் மெதுவாகத்தான் வரும். இந்தப் பொம்மைக்கு அந்த மெதுவே வசதி.

வீட்டில் இருந்த பேக்கிங் பவுடரும் செத்துப் போயிருந்தது. பம்பாய் ஜூலை ஈரத்தில் எது பிழைக்கும்? சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டேன், சோம்பலாக ரெண்டு நுரை, அதோடு சரி. புதுப் பாக்கெட்டில் அதே ஒரு ஸ்பூன் சீறிக்கொண்டு டம்ளரைத் தாண்டியது.

இரண்டாம் ஞாயிறு உடம்பு கட்டினேன். காலியான கண் சொட்டு மருந்து பாட்டில், மூடிதான் மூக்கு. படுக்க வைத்து, வயிற்றுப் பக்கம் பிளேடால் நீளவாக்கில் ஒரு ஜன்னல் வெட்டினேன். வாயு உள்ளே ஏறி முதுகுக்கு அடியில் தங்கும், கூடினால் ஜன்னல் வழியாகத் தப்பும் என்பது கணக்கு. பவுடர் அறைக்கு மாத்திரை அட்டையில் ஒரே ஒரு குழியை வெட்டி எடுத்துக்கொண்டேன்: பவுடரை அடைத்து, பின்பக்கம் செலோடேப், முன்பக்கம் தையல் ஊசியால் ஒரு துளை. இது நானே யோசித்தது, கொஞ்சம் பெருமை உண்டு. அதை உள்ளே நிறுத்த எம்-சீல் பசை பூசினேன். பூசியது அரை நெல்லிக்காய் அளவு. கல்லைப் போல் போய் அடியில் உட்கார்ந்தது, குமிழி விட்டுக்கொண்டே அங்கேயே இருந்தது.

ஒன்று புரிந்தது. மூழ்கும்போது தண்ணீரைவிடச் சொட்டு அளவுதான் கனமாக இருக்க வேண்டும். அரை கிராம் கனம் கூடினால் அதைத் தூக்க அரை மில்லி வாயு சேர வேண்டும். ஒரு கிராம் சோடா முழுதாக வினைபுரிந்தால் கால் லிட்டருக்கு மேல் வாயு வரும் என்பது உண்மைதான், ஆனால் குழியில் இருப்பது ஒரு சிட்டிகை பவுடர், அதில் சோடா பாதி கூட இல்லை, வருகிற வாயுவிலும் கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்து போகும்.

அதனால் புது பாட்டில். பசையே வேண்டாம் என்று குழியைத் தையல் நூலால் கட்டினேன் (அந்த பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக் ஒட்டவும் இல்லை, விரல்தான் ஒட்டியது). கனத்துக்கு நம்பர் 10 ஸ்டேப்ளர் பின், ஒவ்வொன்றாக. ஆறு பின் வரை மிதந்தது, ஏழாவதில் தயங்கித் தயங்கி இறங்கியது. அந்த இறக்கத்தைப் பார்க்க வேண்டுமே, லிஃப்ட் மாதிரி.

மூன்றாம் ஞாயிறு அழுகை வந்துவிட்டது. பின்களை ஜன்னல் ஓரத்தில், அடிப்பக்கம் கட்டியிருந்தேன். இறங்கியது, ரெண்டு நிமிடத்தில் ஏறியது, என் மகள் கை தட்டினாள். அப்புறம் மேலேயே நின்றுவிட்டது. அரை மணி நேரம். கனம் அடியில் இருந்ததால் ஆடாமல் அசையாமல் பல்லக்கு மாதிரி மிதந்தது, வாயு வெளியே போக வழி இல்லை. "அப்பா, இது கப்பல், நீர்மூழ்கி இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் டிவி பார்க்கப் போய்விட்டாள். சரி என்று பின்களை முதுகுக்கு மாற்றினால், இறங்கும்போதே குப்புறக் கவிழ்ந்து, வாயு முழுதும் ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

நேற்று நாலாவது. பின்களைப் பக்கவாட்டில், பாதி உயரத்தில், இடது பக்கம் நாலு, வலது பக்கம் மூன்று. மேலே வந்து முதுகு தண்ணீரை விட்டு வெளியே தெரிந்ததும் மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது, ஒரே ஒரு பெரிய குமிழி, சாப்பிட்ட குழந்தை ஏப்பம் விடுகிற மாதிரி, உடனே மூழ்கியது. வெட்டிய தண்ணீர் கேனில் பக்கவாட்டிலிருந்து பார்த்தோம், நான், மகள், அம்மா மூவரும் தரையில் உட்கார்ந்து. பதினோரு தடவை ஏறி இறங்கியது, இருபது நிமிடம். ஆறாவது தடவைக்கு அப்புறம் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பாதி வழி வந்து நின்று, யோசித்து, திரும்பிப் போய்விட்டது.

ஊசித் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன், பவுடர் அப்படியே வெளியே கொட்டிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் வேகம் கூடுகிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பவுடர் கொஞ்சம் அதிகம் கொள்ளும் குழி கிடைத்தால் பதினைந்து தடவை போகும் என்று நினைக்கிறேன்.

இன்று காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து மாத்திரை அட்டையை நீட்டினாள். "பிபி மாத்திரை குழி சின்னது. இந்தக் கால்சியம் மாத்திரை பெருசா இருக்கு பாரு, இன்னும் ரெண்டு பாக்கி, ராத்திரி போட்டுட்டுத் தரேன்."