ஹயஸ் வானில் டீசல் ஹீற்றருக்கு ஏற்ற இடம்

திருகோணமலையில் இருந்துகொண்டு வானுக்கு ஹீற்றர் பொருத்துவதைப் பற்றி எழுதினால் சிரிப்பவர்கள் இருப்பார்கள். உப்புவெளிக் கரையோரம் வானை நிறுத்திப் படுப்பவருக்கு மின்விசிறியே போதுவதில்லை. ஆனால் அதே வான் தம்புள்ளை, கண்டி வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறிவிட்டால் கதை வேறு. சனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கு அதிகாலையில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அந்தக் குளிரைத் தகட்டுச் சுவர் தடுக்காது.

டீசலை எரித்து வானுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கும் டீசல் ஹீற்றரை முன்பயணியின் இருக்கைக்குக் கீழே பொருத்துங்கள் என்பதே ஐரோப்பியர்கள் பெரும்பாலும் சொல்லும் ஆலோசனை. ஸ்பிரின்டர், டிரான்சிட் போன்ற வான்களில் எஞ்சின் முன்மூக்கில் இருப்பதால், இருக்கையின் கீழ் வெற்றிடமும் தட்டையான தளமும் கிடைக்கின்றன. நம்மிடம் அதிகமாக ஓடும் டொயோட்டா ஹயஸிலும் நிசான் கரவனிலும் முன்னிருக்கைகளின் கீழேயே எஞ்சின் அமர்ந்திருப்பதால், அந்த ஆலோசனையை அப்படியே பின்பற்ற வழியில்லை.

என் கணிப்பில், இவ்வகை வான்களுக்குப் பொருத்தமான இடம் சாரதி இருக்கைக்குப் பின்னால், வலப்பக்கச் சுவரை ஒட்டி, கட்டிலின் கீழ்ப்பெட்டி தொடங்கும் மூலையாகும். இழுத்துத் திறக்கும் கதவு இடப்பக்கத்தில் மட்டும் உள்ள வானில், வலப்புறமாக வெளியேறும் புகை அக்கதவு வழியாக உள்ளே திரும்பும் வாய்ப்புக் குறைவு. கட்டிலின் பின்கோடியில் வைப்பவர்களும் உண்டு. அங்கு இடம் தாராளம் என்றாலும், சூடான காற்று முன்பக்கம் வருவதற்கு நீண்ட குழாய் தேவைப்படும்.

ஆயினும் இடத்தைத் தீர்மானிப்பது தளத்தின் மேற்பகுதி அல்ல, கீழ்ப்பகுதியே. ஹீற்றருக்குள் இரண்டு காற்றோட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடுகின்றன: வானுக்குள் இருக்கும் காற்று சூடாகித் திரும்பி வருவது ஒன்று, டீசல் எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வந்து புகையாக வெளியே போவது மற்றொன்று. இரண்டாவதற்கான குழாய்கள் தளத்தைத் துளைத்துக் கீழே இறங்குவதால், துளையிடுவதற்கு முன் வானின் அடியில் படுத்து, டீசல் தாங்கி, பிரேக் குழாய்கள், மின்கம்பிகள், அடிச்சட்டம் ஆகியவை எங்கெங்கே ஓடுகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கருவியின் அடித்தகடும், இடுக்கை அடைக்கும் காஸ்கற்றும் தளத்தோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். தளம் நெளிநெளியாக இருந்தால் அதன்மேல் தட்டையான இரும்புத் தகடொன்றை இறுக்கிவிடுவது நல்லது. வெட்டிய விளிம்புக்கு உடனே துருத்தடுப்புப் பூச்சு இடாவிட்டால், நமது உப்புக்காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

புகைக்குழாய் மிகவும் சூடாகும். ஆகவே அது டீசல் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் விலகி ஓடி, வானின் அடியில் முடியாமல் பக்க விளிம்புவரை வந்து, சற்றுப் பின்னோக்கித் திறக்க வேண்டும். எரிகாற்றை உறிஞ்சும் வாய் அந்தப் புகையையோ சக்கரம் தெறிக்கும் சேற்று நீரையோ இழுக்காத திசையில் இருக்கட்டும். டீசல் பம்பைத் தாங்கிக்கு அருகில், வெளியேற்றும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு, இறப்பர் பிடிமானத்தில் பொருத்த வேண்டும். அதன் டிக்டிக் ஓசை தளத்தின் வழியே தலையணைவரை வரும் என்பதால், தலைமாட்டுக்கு நேர் கீழே வேண்டாம்.

உள்ளே, ஹீற்றரை மூடிய பெட்டியில் அடைத்துவிடக் கூடாது. வெப்ப உணரி கருவிக்குள்ளேயே இருக்குமானால், பெட்டி சூடானதும் வானே சூடாகிவிட்டதென்று அது எண்ணி வேகத்தைக் குறைத்துவிடும். உறிஞ்சும் பக்கத்தைப் போர்வைகளோ பைகளோ மறைக்காதபடி ஒரு வலைத்தடுப்பு போதும்.

உயரத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும். 1,500 மீற்றருக்கு மேல் காற்று ஐதாகும்போது, அதற்கேற்ப டீசலைக் குறைக்காத கருவிகளில் கரி படியும். நாம் ஹீற்றரை இயக்கப்போவதே நுவரெலியாவிலும் 2,000 மீற்றரைத் தாண்டிய ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலும்தான் என்பதால், உயரத்துக்கேற்பச் சீர்செய்யும் வசதியுள்ளதையே வாங்குவது நல்லது. புகையிலுள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையருகே, தலை இருக்கும் உயரத்தில் பொருத்திய பிறகே முதல் இரவு ஹீற்றரை இயக்க வேண்டும்.