'ம்' கொட்டப் பழகுகிறோம்

தக்கலையில் ஜூன் மாதம் மழை பிடித்தால் பிள்ளைகளை முற்றத்தில் விட முடியாது, எல்லாம் வராந்தாவுக்குள்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 5 வயது, என் மகளுக்கு 4. அவன் அப்போதுதான் கன்னியாகுமரி போய், விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்தார்களே, 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், அதில் நடந்துவிட்டு வந்திருந்தான். "காலுக்குக் கீழ கடலு..." என்று ஆரம்பித்ததுமே இவள், "நானும் போனேன்!" நாங்கள் இன்னும் போகவே இல்லை. மறுபடி ஆரம்பித்தான், இவள் புதுச் செருப்பைக் காட்டினாள். மூன்றாவது தடவை அவன் வாயையே திறக்கவில்லை. காய் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து, "மாமி, இவ எனக்க கதய கேக்கவே மாட்டேங்கா" என்றான்.

"சாரி சொல்லு" என்று அதட்டியிருப்பேன், வழக்கமாக அதுதானே செய்வோம். ஆனால் அந்த சாரியால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? அடுத்தவர் மனதில் வேறு நினைப்பு ஓடும் என்பதே 4 வயதையொட்டித்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடத் தொடங்குகிறது. அவள் அவனை மட்டம் தட்டவில்லை, அவனுக்குள் ஒரு முழுக் கதை காத்துக்கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் யோசித்தபோது என் பக்கமும் தெரிந்தது. அங்கன்வாடியிலிருந்து வந்ததும் அவள் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பாள், நான் முதுகைக் காட்டியபடி மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டு "ம்... ம்..." என்பேன். அது கேட்பவளின் 'ம்' இல்லை. எங்கள் ஆச்சி கதை சொல்லும்போது நாங்கள் 'ம்' கொட்ட வேண்டும், 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும், நரி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த 'ம்' கொட்டுவதற்கு நாங்கள் கண்ணைக்கூட மூட மாட்டோம்.

சரி, அதையே செய்து பார்த்தேன். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர் 'ம்' கொட்ட வேண்டும், முடிந்ததும் கதையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, பிறகு முறை மாறும். சொல்கிறவர் கையில் ஒரு கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டைதான்), அது கையில் இருக்கும்வரை அவருடைய முறை. நேரம் ரொம்பக் குறைவாக வைக்க வேண்டும், இந்த வயதில் இரண்டு நிமிடமே பெரிது. கேள்வி கேட்பதைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். தமிழில் காது கொடுப்பதற்கும் கேள்வி போடுவதற்கும் 'கேள்' என்ற ஒரே சொல்தானே, பழந்தமிழில் நண்பரையும் உறவையும் கேளிர் என்றிருக்கிறார்கள், எனக்கு இது சாதாரணமாகத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லும் பிள்ளை, இதெல்லாம் குறும்பு என்று விட்டுவிடாதீர்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் சின்னப் பிள்ளைகளுக்குக் காது மந்தமாகும், சொல்லத் தெரியாமல் இருப்பார்கள். முதலில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் என்றால் நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம்.

முதல் இரண்டு நாள் கொல்லாங்கொட்டைக்கே அடிதடி. மூன்றாவது நாள் அவன் பாலத்துக் கதையை முழுசாகச் சொன்னான், படகு, லைஃப் ஜாக்கெட், அப்பா கையைப் பிடித்தது எல்லாம். இவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு 'ம்' கொட்டினாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் யோசித்து, "பயந்தியா?" என்று கேட்டாள்.

அவன் கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தான். "லேசா" என்றான், மெதுவாக. அவன் அம்மாவுக்கே அது தெரியாதாம்.

இன்றைக்குக் காலையில் ஒரு மட்டிப்பழத்துக்காக மறுபடி காய். சாயங்காலம் கொட்டையை எடுத்து வைக்க வேண்டும், இன்றைக்கு இவள் முறை.