வலது கன்னம்

பிப்ரவரி 9
பல் மருத்துவ மாணவர்களின் தேர்வில் பல்வலி நோயாளியாக நடிக்க ஐயாவைப் பழக்குகிறேன். இன்றும் கேட்காமலே சொல்லிவிட்டார்: "ராத்திரியில்தான் அம்மா அதிகம். படுத்தால் இன்னும் குத்துகிறது." மாணவர் கேட்டால் மட்டுமே அது வெளிவர வேண்டும். கேட்காதவருக்கும் கிடைத்துவிட்டால், கேட்டவரின் மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்? "பிள்ளை திருதிருவென்று முழிக்கிறது, பாவம்" என்கிறார். பஸ் நடத்துநராக இருந்தவர். சில்லறை இல்லாத யாரையும் வழியில் இறக்கிவிட்டதில்லையாம்.

பிப்ரவரி 10
குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலி எவ்வளவு நேரம்? ஒருமுறை "பத்து நிமிடம்", மறுமுறை "உடனே போய்விடும்". இந்த ஒரு பதிலில் நோயே மாறிவிடுகிறது. உடனே போனால் பல்லை அடைத்தால் போதும். நின்று வலித்தால் வேர் சிகிச்சை. பத்து நிமிடம், பத்து நிமிடம் என்று இருவரும் சொல்லிச் சொல்லிப் பழகினோம்.

பிப்ரவரி 12
1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் முதன்முதலாக ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கப் பழக்கினார். அவர் நரம்பியல் மருத்துவர். கால் தளர்ச்சியை நடிக்கலாம். சொத்தையை எப்படி நடிப்பது? அதனால்தான் எங்கள் ஸ்டேஷனில், அதாவது மாணவர்கள் ஒவ்வொருவராக வந்துபோகும் தேர்வு மேசையில், வாயைத் திறக்கவே விடுவதில்லை. எக்ஸ்ரே படத்தை நீட்டுகிறோம்.

பிப்ரவரி 13
ஒத்திகையில் பயிற்சி மருத்துவர் ஒருவர், வேண்டாம் என்று எழுதியிருந்தும், ஐயாவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டார். "மேடம், இடது கன்னத்தில் வெள்ளைத் திட்டு. இதுவும் கதையில் உண்டா?"

இல்லை. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

மூன்று வாரமாக அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். வலது கன்னத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று விரல் விரலாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருமுறைகூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை. நான் பல் மருத்துவர்.

வேலையில் இருந்தவரை புகையிலை அடக்கியிருக்கிறார். உடைந்த மேல்பல் ஒன்று சரியாக அந்த இடத்தில் உரசுகிறது. முனையை மழுங்கத் தேய்த்துவிட்டேன். உரசலால் வந்ததென்றால் இரண்டு வாரத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 14
27ஆம் தேதி.

பிப்ரவரி 17
வேறு ஆளைப் போடுகிறேன் என்றேன். "இவ்வளவும் மனப்பாடம் செய்தாகிவிட்டது அம்மா, இனி யாரைத் தேடுவீர்கள்?"

பிப்ரவரி 19
நடிப்பவர்களுக்கு மதியச் சாப்பாடும் பஸ் கட்டணமும் மட்டும்தானாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், நாற்பது மாணவர்கள். முதல் மாணவருக்குக் கொடுத்த அதே வலியை நாற்பதாமவருக்கும் கொடுக்க வேண்டும். அதற்குக் கூலி இல்லையா? கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

பிப்ரவரி 22
பார்த்தேன். சிறுத்த மாதிரி இருக்கிறது. இல்லை, விளக்கு வேறு.

பிப்ரவரி 26
தேர்வு முடிந்தது. ஐயா ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. இரவைப் பற்றிக் கேட்காமலே எழுந்துபோனவர்கள் பலர். ஒவ்வொருவர் போகும்போதும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், பேசவில்லை. பத்து நிமிடம் என்பதில் கடைசிவரை மாற்றமில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒருமுறை இடது கன்னத்தைப் பிடித்தார். கை மாறிவிட்டதா, வலித்ததா? நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 27
ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கையைக் கழுவிவிட்டு