தன்னை என்றால் ஹிம்செல்ஃப் இல்லை: 41ஆம் நாள்

தமிழில் எழுதும் டைரியில் தினம் பத்து வரியை ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதி வருகிறேன். நேற்றுதான் முதல்முறையாக ஒரு பக்கம் முழுக்க அக்காவின் சிவப்பு மை படாமல் திரும்பி வந்தது, அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"மைசெல்ஃப் குமார்" என்று அறிமுகம் சொல்வது, மீ என்று வரவேண்டிய இடத்தில் மரியாதைக்காக மைசெல்ஃப் போடுவது எல்லாம் முதல் வாரத்திலேயே விட்டுப்போனது. என்னைப் பாடாய்ப் படுத்தியது 'தன்னை'தான்.

கடைத்தெருவில் கமலா தன்னைப் பார்த்ததாக முருகன் சொன்னான். இதை "முருகன் செட் கமலா சா ஹிம்செல்ஃப்" என்று எழுதி எத்தனை முறை அடி வாங்கினேன்! நம் 'தன்' வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் முருகன் வரைக்கும் எட்டும். ஆங்கில செல்ஃபுக்கு அந்த நீளம் கிடையாது, தன் வினையின் எழுவாயோடு நின்றுவிடும். சா என்ற வினைக்கு எழுவாய் கமலா, ஆகவே முருகனுக்கு வெறும் ஹிம். ஹெர்செல்ஃப் போட்டால் கமலா தன்னையே பார்த்துக்கொண்டதாக ஆகிவிடும். இப்போது வினைமேல் விரலை வைத்து, இதைச் செய்தது யார் என்று கேட்ட பிறகுதான் அடுத்த சொல்லை எழுதுகிறேன்.

'கொள்' வந்தாலே செல்ஃப் என்று நம்பியதும் தப்பு. கையை வெட்டிக்கொண்டால் "ஐ கட் மைசெல்ஃப்" சரி, ஆனால் ஷேவ் செய்துகொண்டதற்கு "ஐ ஷேவ்டு" போதும்.

அப்புறம் நோட்டு. இப்போது வைத்திருப்பதில் ஜெல் பேனா மை பின்பக்கம் ஊறுகிறது, கொஞ்சம் தடித்த தாளாக வாங்க வேண்டும். பழைய புத்தகக் கடைகளிலும் ஒரு ஞாயிறு இலக்கணப் புத்தகம் தேடலாம் என்றிருக்கிறேன். தெம்செல்வ்ஸுக்கும் ஈச் அதருக்கும் உள்ள வித்தியாசம் அடுத்தது. தங்களைத் தாங்களே, ஒருவரையொருவர் என்று தமிழிலேயே தனித்தனியாக இருப்பதால் அது சுலபமாக வரும் என்று தோன்றுகிறது.

ஆனால் அதற்கு முன் ஒன்று பாக்கி. குடையைத் தன்னோடு எடுத்துப் போனாள் என்பதற்கு "வித் ஹெர்" தானாம், ஹெர்செல்ஃப் இல்லையாம். ஆளும் ஒன்று, எழுவாயும் ஒன்று, என் விரல் கணக்கு இங்கே உதவவில்லை. யாரோடு, யாருக்குப் பின்னால் என்று இடத்தைச் சொல்லும் சொல்லுக்குப் பிறகு செல்ஃப் வராது என்கிறாள் அக்கா. ஆனால் "பிரவுட் ஆஃப் ஹெர்செல்ஃப்" என்றால் வரும். இந்த மாதிரி வாக்கியமாகவே இன்றைக்குப் பத்து எழுதி வைத்திருக்கிறேன், அவள் இன்னும் பார்க்கவில்லை.