வெள்ளத்துக்காகக் காத்திருந்த ஊர்

சென்னையிலேர்ந்து எகிப்துக்கு டூர் குரூப் கூட்டிட்டு போறதுதான் என் வேலை. அஸ்வான்ல எலிஃபண்டைன் தீவுக்கு போனா எல்லாரும் போட்டோ எடுக்கத்தான் பாப்பாங்க, நான் நைலோமீட்டர் படிக்கட்டுகிட்ட நிறுத்தி வச்சுடுவேன். நைல் ஆத்துக்குள்ள இறங்குற படி, சுவத்துல முழக்கணக்கு கோடு, தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு பாத்துதான் விளைச்சல், வரி எல்லாம். 12 முழம்னா பஞ்சம், 14னா சந்தோஷம், 16னா கொண்டாட்டம்னு ரோமானியர் ப்ளினி எழுதி வச்சிருக்கார்.

ஒரு தடவ வேளச்சேரி அம்மா ஒருத்தங்க, "ஏம்ப்பா, வெள்ளம் வரணும்னு யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. 2015ல வீட்டுக்குள்ள தண்ணி வந்தவங்க, கேக்கத்தான் செய்வாங்க. பழைய எகிப்துக்காரங்களுக்கு வருஷமே வெள்ளத்துலதான்மா ஆரம்பிக்கும்னு சொன்னேன். அகெத், பெரெத், ஷெமுன்னு மூணு பருவம், ஒவ்வொண்ணும் 4 மாசம், மாசத்துக்கு 30 நாள், கடைசில 5 நாள் கூடுதல். முதல் பருவம் அகெத்தான் வெள்ளக் காலம். எத்தியோப்பியா மலைல பெய்யுற கோட மழை நீல நைல் வழியா வண்டலோட இறங்கி வயல மூடும், வடிஞ்சதும் பெரெத்ல விதைப்பு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மேரெர் கதை. பெரிய பிரமிடு கட்டின ராஜா கூஃபு காலத்து படகுக் குழுத் தலைவர், துரா கல்குவாரிலேர்ந்து பிரமிடு இருக்குற கீஸாவுக்கு சுண்ணாம்புக்கல் ஏத்திட்டு போனதை நாள்வாரியா எழுதி வச்சிருக்கார், செங்கடல் கரைல இருக்குற வாதி அல் ஜார்ஃப்ல 2013ல கிடைச்ச பாப்பிரஸ் (நாணல் தாள்) அது. ஆத்துல தண்ணி ஏறுனாத்தான் கல்லு ஏத்துன படகு பிரமிடு பக்கம் வரைக்கும் போகும். நானும் தினம் ராத்திரி ஆபீஸுக்கு ரிப்போர்ட் அனுப்புறவன்தான், 4,500 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இன்னிக்கு எங்க கிளம்பினோம், எங்க தங்கினோம்னு எழுதினத படிக்கும்போது அவ்ளோ நெருக்கமா இருக்கும்.

அந்த 365 நாள் காலண்டர்ல லீப் நாள் கிடையாதுங்கறதால நாலு வருஷத்துக்கு ஒரு நாள் காலண்டர் நழுவும், பல நூற்றாண்டுல வெள்ள மாசம்னு பேரு இருக்கும், ஆத்துல வெள்ளம் இருக்காது. கி.மு. 238ல எகிப்து ராஜா மூணாம் தாலமி நாலு வருஷத்துக்கு ஒரு கூடுதல் நாள் சேக்கச் சொல்லி ஆணை போட்டும் அது நிலைக்கல. ஆனா வெள்ளம் வரப்போகுதுன்னு அவங்க அடையாளமா பாத்த, விடியக்காலைல சிரியஸ் நட்சத்திரம் மறுபடி தெரியறதும் நைலோமீட்டர் கோடும் பொய் சொல்லாது.

1970ல அஸ்வான் உயர் அணை முடிஞ்சதோட இதெல்லாம் போச்சு, வண்டல் அணைக்குப் பின்னாடி இருக்குற நாசர் ஏரியிலேயே தங்கிடுது, விவசாயி உரம் வாங்குறார். வெள்ளத்தையும் வறட்சியையும் தடுத்ததுல அணை பெரிய விஷயம்தான், ஆனாலும் வண்டல் போனது பெரிய நஷ்டம்னுதான் எனக்குத் தோணும்.

கெய்ரோல ரோடா தீவுல 861ல கட்டின நைலோமீட்டர் இருக்கு, நடுவுல எட்டுப்பட்டை தூண். எங்க பேக்கேஜ்ல அது இல்ல, சேக்கச் சொல்லி ஆபீஸ்ல கேட்டுட்டே இருக்கேன்.