காதில் விழாத இறந்தகாலம்

பல நாட்டவர் பேசும் கூட்டங்களில் குறிப்பெடுப்பது என் வேலையாக இருந்தபோது, ஒருவர் 'வீ செக்ட் த ஃபைல்' என்றதை 'வீ செக் த ஃபைல்' என்று கேட்டு, முடிந்த வேலையை இனிமேல் செய்ய வேண்டியதாக எழுதிவிட்டேன். எழுத்தில் எளிதாகப் பிடிபடும் ஆங்கிலக் காலங்கள் பேச்சில் ஏன் நழுவுகின்றன என்பதை அதன் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன்.

பதிவுகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன். 'செக்ட்' என்பதன் 'ட்' அப்போதும் கேட்கவில்லை. அது ஒலிக்கப்படவே இல்லை. இரு மெய்களுக்கு நடுவே சிக்கும் 'ட்' பெரும்பாலோர் பேச்சில் மறைந்துவிடுகிறது; அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் மட்டும் அதனோடு ஒட்டிக்கொண்டு, 'செக்ட் இட்' என்பது 'செக் டிட்' என்று வெளிப்படுகிறது. செய்தான், செய்கிறான், செய்வான் என்று வினையின் நடுவிலேயே இடைநிலை காலத்தைக் காட்டிவிடும் மொழியில் வளர்ந்த என் செவிக்கு, இது பெரிய இடறலாக இருந்தது.

ஆகவே இல்லாத ஒலியைத் தேடுவதை விட்டு, வாக்கியத்தின் பிற இடங்களைப் பார்க்கப் பழகினேன். 'ஹீ வாக் பேக்' என்று காதில் விழுந்தால் அது பெரும்பாலும் இறந்தகாலம்தான். நிகழ்காலமாயின் 'வாக்ஸ்' என்று வந்திருக்கும். எனக்கு மிகவும் உதவிய சூத்திரம் இதுவே. ஆனால் சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கில் அந்த 'ஸ்' உம் விடுபடுவதுண்டு. அங்கே 'ஹீ கோ ஆல்ரெடி' என்பதில் வேலை முடிந்ததைச் சொல்வது 'ஆல்ரெடி'. 'ஐட்' (I'd) என்ற சுருக்கம் வந்தால் அடுத்த வினைக்குக் காத்திருப்பேன்: 'ஐட் கோ' (go) எனில் 'வுட்' (would), 'ஐட் கான்' (gone) எனில் 'ஹேட்' (had).

அயர்லாந்துக்காரர் ஒருவர் 'ஐம் ஆஃப்டர் செண்டிங் இட்' என்றபோது, பிறகு அனுப்புவார் என்றே நினைத்தேன். இப்போதுதான் அனுப்பி முடித்தேன் என்பது அதன் பொருள். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அவர்களுடைய ஆங்கிலத்தில் தங்கியிருக்கிறது. இத்தகையவற்றை ஊகத்தால் பிடிக்க இயலாது, ஒருமுறை தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

நாள்தோறும் பத்து விநாடிப் பேச்சைக் கேட்டு அப்படியே எழுதி, எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு வந்தேன். சில மாதங்களில் பிழைகள் குறைந்தன. 'வீ புட்', 'வீ கட்' போன்ற உருமாறாத வினைகள் காலச்சொல் இல்லாமல் வரும்போது மட்டும், முடிந்துவிட்டதா என்று இன்றும் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.