மால்டன் 991: ஈரச் சேறும் நடைபாதையும் முடிந்தன

வந்துவிட்டது. 991-இல் இங்கிலாந்தின் மால்டனில் ஆங்கிலேயரும் வைக்கிங் கடற்கொள்ளையரும் மோதிய போரைச் சிறு மாதிரிக் காட்சியாகச் செய்துகொண்டிருக்கிறேன். அங்கே நார்தி தீவையும் எசெக்ஸ் கரையையும் இணைக்கும் அந்த நடைபாதை, கடல் வற்றத் தொடங்கிய நேரத்தில் எப்படி இருக்குமோ அப்படியே 1:72 அளவில் (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) என் மேசைமேல் இருக்கிறது. சேறு ஈரமாகத் தெரிகிறது, பாதைக் கல்லின் முதுகு மட்டும் காய ஆரம்பித்திருக்கிறது. இது சரியாக அமையாமல் ஒரு வீரன் பொம்மையைக்கூடத் தொடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். பலன் கிடைத்துவிட்டது.

ஃபோம் வெட்டுவது, பிவிஏ பசை பூசுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. சிக்கல் முழுக்க, தண்ணீராகக் காட்ட ஊற்றி இறுகவிடும் ரெசினில்தான். பாதையின் இரு பக்கமும் ஊற்றினால் அது கல்லின் பக்கவாட்டில் மெல்ல ஏறி, ஓரமெங்கும் கண்ணாடி விளிம்பு கட்டிக்கொள்ளும். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலே ஏழு சென்டிமீட்டர் தண்ணீர் என்று கணக்கு. வற்றுகிற தண்ணீர் அப்படிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காது. அதனால் கல்லுக்கு முதலில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பூசிக் காயவைத்தேன். ரெசினை மெல்லிய படலமாக மட்டும் ஊற்றினேன். அது தேன் பதத்துக்கு வரும்வரை பக்கத்திலேயே இருந்து, ஏறுகிற விளிம்பைப் பல்குத்தும் குச்சியால் கீழே இழுத்துவிட்டேன். இறுகிய பிறகும் மினுக்கும் இடங்களில் அரைப் பளபளப்பான சாட்டின் வார்னிஷைத் தொட்டு வைத்ததும் கண்ணாடி போய் ஈரக் கல் வந்துவிட்டது.

சேற்றுக்கு டைல்ஸ் இடுக்கில் பூசும் சாம்பல் நிற குரௌட் பொடி, பிவிஏ, துளி ஆலிவ் பச்சை. ஓடைகளில் முழுப் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ், சேற்றுப் பரப்பில் சாட்டின், உயர்ந்த தரையில் மேட். இந்த மூன்று பளபளப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரையும் இடத்தில்தான் வேலையே இருக்கிறது.

ஒரு நடைபாதைக்கு இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. அந்தப் போரையே ஓதம்தான் நடத்தியது. தண்ணீர் ஏறியிருந்தவரை இரண்டு படைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. வற்றியதும் வைக்கிங்குகள் பாதையில் இறங்கினார்கள். வுல்ஃப்ஸ்டான், ஆல்ஃபெரே, மக்கஸ் என்ற மூன்று பேர் அதை மறித்து நின்றார்கள். அப்புறம்தான் எசெக்ஸின் ஈல்டர்மன் (அரசருக்காக அந்தப் பகுதியை ஆண்ட பிரபு) பிர்ட்நோத் எதிரியைக் கரையேற விட்டார். மிதமிஞ்சிய செருக்கால் விட்டார் என்கிறது போரைப் பாடிய பழைய ஆங்கிலக் கவிதை.

நான் அப்படிப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பாருங்கள். 978-இல் அரசனாக இருந்த அண்ணன் கோர்ஃப் என்ற ஊரில் கொல்லப்பட்டு, சிறுவனான ஏதெல்ரெட் இங்கிலாந்தின் அரசனானான். 980-லேயே சவுதாம்ப்டன், தானட் என்று கொள்ளை மறுபடி தொடங்கிவிட்டது. கிழக்கே இஸ்லாமிய நாடுகளிலிருந்து ஸ்காண்டிநேவியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளி குறைந்துவந்த காலம் அது. இங்கிலாந்திலோ 973 வாக்கில் அரசர் எட்கர் செய்த சீர்திருத்தத்தால் நாடு முழுக்க ஒரே தரத்தில் வெள்ளிக் காசு, கொள்ளையரை இழுக்க அது போதாதா? மால்டனிலேயே நாணயச் சாலை இருந்தது. 991-இல் வந்த படைக்கு 93 கப்பல்கள் என்கிறது ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு. ஃபோக்ஸ்டன், சாண்ட்விச், இப்ஸ்விச் என்று வரிசையாகச் சூறையாடிவிட்டுத்தான் மால்டனுக்கு வந்தார்கள். பாதையை மறித்தே வைத்திருந்தால் கப்பலேறி அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். படை திரண்டு கையில் இருக்கும்போதே முடித்துவிட நினைத்தார் பிர்ட்நோத். தோற்றார், இறந்தார். அதே ஆண்டு ஆர்ச்பிஷப் சிகெரிக்கின் யோசனைப்படி 10,000 பவுண்டு கப்பம் கட்டினார்கள்.

பிர்ட்நோத் பதவிக்கு வந்தது 956-இல். ஆகவே போரின்போது நரைத்த கிழவர். அவருடைய எலும்புகள் ஈலி தேவாலயத்தில் இருக்கின்றன. 1769-இல் எடுத்துப் பார்த்தபோது தலை இல்லை. உயரம் ஆறடி ஒன்பது அங்குலம் இருக்கும் என்று கணித்தார்கள். அந்தக் கணக்கை அப்படியே நம்பத் தயக்கம்தான், ஆனாலும் 1:72-இல் அது 28 மில்லிமீட்டருக்கும் சற்று மேல்! மற்ற வீரர்கள் 24 மில்லிமீட்டர். 28 மிமீ உருவம் ஒன்றை எடுத்துக் கைகளை மட்டும் மெலிதாக்கி நிறுத்தினால் தனியாகத் தெரிவார். குதிரை வேண்டாம், அவர் இறங்கி நின்றுதான் சண்டை போட்டார்.

நடப்பது ஆகஸ்டில் என்பதால் மேட்டில் உமரியும், ஊதா நிறத்தில் பூத்த கடல் லாவண்டரும் வேண்டும். டஃப்ட் (ஒட்டத் தயாரான சிறு புல்கொத்து) ஆர்டர் செய்த கடை கோடைப் புல்லுக்குப் பதில் பனி படிந்த புல்லை அனுப்பிவிட்டுத் திரும்ப எடுக்கவும் மறுத்துவிட்டது. இனி அங்கே வாங்குவதில்லை. ஸ்டாடிக் கிராஸ் என்ற செயற்கைப் புல் இழையை நானே ஒட்டி, நுனியில் ஊதாப் பொடி தூவிக்கொள்ளப் போகிறேன்.

அந்த வேலையே பாக்கி, ஆனால் மனம் கப்பல்களுக்குப் போய்விட்டது. தூரம் தெரிவதற்காக, தீவுக்குப் பின்னால் இன்னும் சிறிதாக 1:144-இல் நாலைந்து, அதற்கும் பின்னால் 1:300-இல் ஒரு கூட்டம். பாய்மரங்கள் எல்லாம் நிமிர்ந்தே இருக்கும், கிளம்பத் தயாராக. பிர்ட்நோத் பாதையின் முனையில் நின்று பார்க்கும்போது அவர் கண்ணில் படவேண்டியது அந்த மரங்கள்தான். பித்தளைக் கம்பியைவிட மூங்கில் குச்சியைச் சீவுவது நன்றாக வருகிறது. 0.8 மில்லிமீட்டர் வரை உடையாமல் மெலிகிறது, சாயமும் நன்றாகப் பிடிக்கிறது.